எண்பத்து நான்கு புள்ளி இரண்டு

அமிர்தவல்லி கையெழுத்துப் போடாமல் தட்டாஞ்சாவடியில் இருந்த அந்த அலுவலகத்திலிருந்து ஒரு கம்ப்யூட்டர் நிரலும் வெளியே போகாது. அவள் உட்கார்ந்திருந்தது சுழலாத நாற்காலிதான், அறை வாசலில் பெயர்ப்பலகையும் கிடையாது. ஆனாலும் கையெழுத்து அவளுடையது. டேட்டா என்ட்ரிக்கு என்று வந்து சேர்ந்தவள். ஒரு பாலிடெக்னிக் டிப்ளமோவை வைத்துக்கொண்டு, பி.இ. படித்தவர்கள் எழுதியதில் பிழை பிடிக்கும் வேலைக்கு ஏறி, பதினோரு வருடத்தில் இந்த இடத்துக்கு வந்திருந்தாள்.

மேட்டுப்பாளையத்தில் மருந்து வைக்கும் குளிர்பெட்டி செய்கிற கம்பெனி ஒன்று அவர்களுடைய பெரிய வாடிக்கையாளர். பெட்டிக்குள் ஓடும் நிரலை இவர்கள் எழுதித் தந்தார்கள். "டிப்ளமோ படிச்சவங்களா கையெழுத்துப் போடறது?" என்று அந்தக் கம்பெனிக்காரர்கள் ஒரு தரம் கேட்டார்கள். "ஆறு மாசம் பாருங்க, அப்பறம் பேசுங்க" என்றார் முதலாளி சுப்பிரமணியன். ஆறு மாதம் கழித்து அவர்கள் அந்தப் பேச்சையே எடுக்கவில்லை. அமிர்தவல்லிக்கு அதுதான் பட்டமளிப்பு விழா.

கையெழுத்தோடு இன்னொன்றும் வேண்டும். நிரல் எழுதுகிறவர்கள் அதைச் சோதிக்க இன்னொரு நிரலும் எழுதுவார்கள். அதை டெஸ்ட் என்பார்கள். எழுதிய வரிகளில் எத்தனையை அந்த டெஸ்ட் தொட்டுப் பார்த்தது என்று சதவீதம் போட்டுச் சொல்வது கவரேஜ் அறிக்கை. தினமும் சாயங்காலம் ஆறு மணிக்கு அலுவலகக் கம்ப்யூட்டர் டெஸ்ட்டுகளை ஓட்டி, அறிக்கையை வெளியே இருக்கிற, தரம் பார்க்கும் ஒரு இணையச் சேவைக்கு அனுப்பிவிடும். எண்பதுக்கு மேல் இருந்தால் சேவையின் பக்கத்தில் பச்சை, கீழே இருந்தால் சிவப்பு. மேட்டுப்பாளையத்துக்காரர்கள் அந்தப் பக்கத்தைத் தங்கள் ஊரில் இருந்தபடியே பார்ப்பார்கள். பச்சையும் அமிர்தவல்லியின் கையெழுத்தும் சேர்ந்தால்தான் நிரல் பெட்டிக்குள் ஏறும்.

சுப்பிரமணியன் அந்தப் பக்கத்தை வரவேற்பறை டிவியில் எந்நேரமும் ஓடவிட்டிருந்தார். எண்பத்து நான்கு புள்ளி இரண்டு. நாலு மாதத்துக்கு மேலாக அது ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை. வருகிறவர்களிடம் அதைக் காட்டி, "பாத்தீங்களா, கோயில் கொடிமரம் மாதிரி நிக்குது" என்பார். மனிதன் உடம்புச் சூடே ஒரு நாளைக்கு நாலு தரம் மாறுகிறது; நாற்பதாயிரம் வரி நிரல், அதில் தினமும் ஐந்து பேர் கைவைக்கிறார்கள், அதன் எண் மட்டும் எப்படி அசையாமல் நிற்கும் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. நல்ல செய்தியை யார் சந்தேகப்படுவார்கள்? கெட்ட செய்தி வந்தால்தான் நாம் தோண்டித் துருவுவோம்.

மாசி மாதத்தில் ஒரு செவ்வாய்க்கிழமை. மேட்டுப்பாளையம் கம்பெனிக்குப் புதிதாக வந்திருந்த தர அதிகாரி ஒரு மின்னஞ்சல் அனுப்பியிருந்தார். டிசம்பரில் கொடுத்த நிரலில் கரண்டு போய் வருவதைக் கவனிக்கும் பகுதி ஒன்று புதிதாகச் சேர்ந்திருக்கிறதே, அதற்கு மட்டும் கவரேஜ் எவ்வளவு என்று கேட்டிருந்தார். சாதாரணக் கேள்வி. அமிர்தவல்லி டீ டம்ளரை ஓரம் வைத்துவிட்டுச் சேவையின் பக்கத்தைத் திறந்து அந்தக் கோப்பைத் தேடினாள். இல்லை. பெயரைத் தப்பாக அடித்துவிட்டோமோ என்று மறுபடி தேடினாள். இல்லை. பட்டியலை மேலிருந்து கீழே ஒவ்வொன்றாகப் படித்துக்கொண்டு வந்தபோது வேறொன்று கண்ணில் பட்டது. கார்த்திகை மாதத்தில் வேண்டாம் என்று தூக்கி எறிந்த ஒரு கோப்பு, தொண்ணூற்றொரு சதவீதத்தோடு பச்சையாக அங்கே உட்கார்ந்திருந்தது.

அறிக்கையைத் தரவிறக்கி அதன் தலைப்பில் இருந்த தேதியைப் பார்த்தாள். ஆயுத பூஜைக்கு முந்தின நாள்.

அன்றைக்கு எடுத்த ஒரே அறிக்கை தினமும் ஆறு மணிக்குப் போய்க்கொண்டிருந்திருக்கிறது. அவள் டெஸ்ட்டுகளைத் தானே ஒரு தரம் ஓட்டினாள். இருபது நிமிடம் ஆனது. உண்மையான எண் ஐம்பத்தொன்று புள்ளி ஏழு. கரண்டு பகுதிக்குப் பூஜ்ஜியம்.

அதை எழுதியவன் செம்மல். கெட்டிக்காரன், வந்து ஒன்றரை வருடம் ஆகிறது. கூப்பிட்டாள்.

"செம்மல், இதுக்கு டெஸ்ட் எழுதினியா?"

"எழுதலக்கா. எழுதணும்னுதான் இருந்தேன். ஆனா சேத்த அன்னைக்கி நம்பர் இறங்கவே இல்ல. சரி, பழைய டெஸ்ட்டே இதையும் தொடுது போலன்னு விட்டுட்டேன்."

"இறங்காதுடா" என்றாள் அமிர்தவல்லி. "எப்படி எறங்கும்?"

அவனுக்கு விளங்கவில்லை. அவள் விளக்கவும் இல்லை. இரண்டு பேருமாக உட்கார்ந்து கரண்டு பகுதிக்கு ஒரு டெஸ்ட் எழுதினார்கள். கரண்டு போகிறது, வருகிறது, பத்து நிமிடம் கழித்து மறுபடி போகிறது, வருகிறது. நம் ஊரில் நடப்பதுதானே. டெஸ்ட் தோற்றது. காரணம் தேடினால் அரை மணியில் கிடைத்தது. ஒவ்வொரு தரம் கரண்டு திரும்பும்போதும் நிரல் நடந்ததையெல்லாம் மறந்துவிட்டு அந்த நொடியில்தான் பெட்டியை ஆன் செய்ததாக நினைத்துக்கொண்டது. பெட்டி சூடாக இருக்கும் என்று முழு வேகத்தில் குளிரூட்டியது. ஏற்கெனவே குளிர்ந்து கிடந்த பெட்டி பூஜ்ஜியத்துக்குக் கீழே போகும். அப்படிப் போய் அரை மணி நேரம் இருந்தால் பெட்டி இருக்கும் மருந்தகத்து நர்ஸின் போனுக்கு எச்சரிக்கை போகவேண்டும். ஆனால் அந்த அரை மணிக் கணக்கும் கரண்டு வரும்போதெல்லாம் முதலிலிருந்து ஆரம்பித்தது.

"உள்ள என்னா வெச்சிருப்பாங்கக்கா?" என்றான் செம்மல்.

"பாதி எடத்துல இன்சுலின்."

இன்சுலின் உறைந்துவிட்டால் அவ்வளவுதான். மறுபடி இளகி, பார்வைக்குப் பெரிதாக வித்தியாசம் தெரியாமல் குப்பியில் இருக்கும். ஊசியில் ஏறும், உடம்பில் இறங்கும், வேலை மட்டும் செய்யாது. டிசம்பர் நிரல் பதினான்கு ஊர்களில் இருந்த பெட்டிகளுக்குப் போயிருந்தது. பதினான்குக்கும் கையெழுத்து அவளுடையது.

அடுத்து, பழைய அறிக்கையை அனுப்பச் சொன்ன வரியை எழுதியது யார் என்று பார்த்தாள். யார் எந்த வரியை எப்போது மாற்றினார்கள் என்பதற்குப் பதிவு இருக்கும். வெற்றிவேல் என்று இருந்தது. தேதி, ஆயுத பூஜை அன்று மாலை ஐந்து நாற்பது. வெற்றிவேல் நவம்பரிலேயே வேலையை விட்டுப் போய்விட்டான். ஒரு நொடி, ஒரே ஒரு நொடி, அமிர்தவல்லிக்குப் பாரம் இறங்கியது போல் இருந்தது. அதற்கப்புறம் நினைவு வந்துவிட்டது.

மறந்துபோனாள் என்று ஒரே சொல்லில் சொல்லிவிட்டுப் போகலாம். எப்படி மறந்தாள் என்பதையும் சொன்னால்தான் நியாயம். அந்த அலுவலகத்தில் ஆயுத பூஜை என்றால் சும்மா இல்லை. அலுவலகக் கம்ப்யூட்டரை அணைத்துச் சந்தனம் குங்குமம் வைப்பார்கள். எல்லோருடைய லேப்டாப்பையும் அடுக்கி மாலை போடுவார்கள். பொரி கீபோர்டுக்குள் விழுந்து அடுத்த வாரம் முழுக்க ஏதாவதொரு பட்டன் அழுந்தாது. பூஜையில் வைத்ததை மறுநாள் விஜயதசமி காலை வரை ஒருத்தரும் தொடக்கூடாது. இப்படி ஒரு விதியை அந்த அலுவலகத்தில் யாரும் எழுதிவைக்கவில்லை, அதனால்தானோ என்னவோ எல்லோரும் ஒழுங்காகக் கடைப்பிடித்தார்கள்.

கம்ப்யூட்டர் அணைந்து கிடந்தால் ஆறு மணிக்கு அறிக்கை போகாது. போகாவிட்டால் டிவி சிவப்பாகும். அன்றைக்கு மேட்டுப்பாளையத்துக்காரர்கள் குடும்பத்தோடு பூஜைக்கு வருவதாக இருந்தது. "நல்ல நாளும் அதுவுமா செவப்பு தெரியக்கூடாதும்மா, ஏதாவது பண்ணுங்க" என்றார் சுப்பிரமணியன். அமிர்தவல்லியின் லேப்டாப் மாலைக்கு அடியில் இருந்தது. புதிதாக வந்த லேப்டாப்பில் சந்தனக் கறை பட்டால் போகாது என்று வெற்றிவேல் மட்டும் தன்னுடையதைப் பூஜையில் வைக்கவில்லை. அதை வாங்கித் திறந்தாள். அவன் பூசணிக்காய் உடைக்க வெளியே போனான். அன்றன்றைய அறிக்கைக்குப் பதிலாக நேற்றைக்கு எடுத்துவைத்த பிரதியை அனுப்பு என்று ஒரே ஒரு வரி. இரண்டு நிமிட வேலை. அன்றைக்கு அந்த லேப்டாப்பே அனுப்பியது; வரி அலுவலகத்துப் பொது நிரலில் சேர்ந்துவிட்டதால் மறுநாளிலிருந்து அலுவலகக் கம்ப்யூட்டரும் அதையே செய்தது. விஜயதசமி கழித்து வந்து எடுத்துவிடலாம் என்று நினைத்தாள். தன்னுடைய லேப்டாப்பில் செய்திருந்தால் திறந்ததும் கண்ணில் பட்டிருக்கும். அது வெற்றிவேலின் லேப்டாப்பில், வெற்றிவேலின் பெயரில் கிடந்தது. நடுவில் சனி ஞாயிறு வேறு வந்தது.

சுப்பிரமணியனிடம் போய் எல்லாவற்றையும் சொன்னாள். அவர் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். நல்ல மனிதர்தான். அவளை இந்த இடத்தில் உட்கார வைத்தவர் அவர்தான்.

"பொட்டிங்கள முதல்ல சரி பண்ணணும்" என்றார். "பதினாலு ஊருக்கும் ஆள் போவணும். மேட்டுப்பாளையத்துக்கு நானே லெட்டர் போடறேன். மறைக்கப் போறதில்ல."

"சரிங்க சார்."

"ஆனா யாரு பண்ணதுன்னு கேப்பாங்க. உங்க பேரச் சொன்னா அன்னைக்கே உங்க கையெழுத்து வேணாம்னுடுவாங்க. மொதல்லயே அவுங்களுக்கு டிப்ளமோன்னு ஒரு இது. ரெக்கார்டுல வெற்றிவேல் பேருதானே இருக்குது? அப்டியே இருக்கட்டும். முன்னாடி வேல பாத்த ஒருத்தர்னு எழுதிடறேன். பேரக்கூடப் போடல. அவன் போயே மூணு மாசம் ஆச்சு, அவனுக்கு என்னா ஆயிடப் போவுது?"

"அவன் பண்ணலியே சார்."

"நான் பண்ணச் சொன்னதுதானே நீங்க பண்ணீங்க. யோசிச்சிட்டு மத்தியானம் சொல்லுங்க."

அவள் ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு முத்தியால்பேட்டைக்குப் போனாள். வெற்றிவேல் இப்போது பெங்களூர் கம்பெனி ஒன்றுக்கு வீட்டிலிருந்தே வேலை பார்த்துக்கொண்டிருந்தான். மாடி அறையில் காதில் ஹெட்போனோடு இருந்தவன், அவளைப் பார்த்ததும் எழுந்து நாற்காலியைத் துடைத்துப் போட்டான். அவள் உட்காரவில்லை. ஆயுத பூஜை அன்று அவனுடைய லேப்டாப்பில் தான் எழுதின வரியைப் பற்றி ஆரம்பித்தாள். பாதி சொல்லும்போதே அவன் தலையைக் குனிந்துகொண்டான்.

"தெரியும்க்கா."

"என்னா தெரியும்?"

"போறதுக்கு முந்தின வாரம் எல்லாத்தயும் செம்மல்கிட்ட ஒப்படைக்கறதுக்காகப் பாத்துக்கிட்டிருந்தேன். அந்த வரி எம்பேர்ல இருந்துச்சு. நான் எழுதல, நீங்கதான் அன்னைக்கி வாங்கனீங்கன்னு ஞாபகம் வந்துச்சு."

"பாத்துட்டு ஏன்டா சொல்லல?"

"நீங்க எழுதினதாச்சேக்கா. ஏதாவது காரணம் இருக்கும்னு நெனச்சேன். கேட்டா, நம்மளப் போயி இவன் கேக்கறானேன்னு உங்களுக்கு வருத்தமா இருக்குமோன்னு விட்டுட்டேன்."

"என்னப் பாத்தா அவ்ளோ பயமா?"

"பயம்லாம் இல்லக்கா. நீங்க எங்கள்ல ஒருத்தன் எழுதினதயும் அப்படியே நம்ப மாட்டீங்க. வரிக்கு வரி கேப்பீங்க. அப்படிப்பட்டவங்க எழுதினத யாரு போயி கேப்பா?"

அவளுக்கு அவன்மேல் கோபம் கோபமாக வந்தது. அவன் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் நவம்பரிலேயே முடிந்திருக்கும் கதை. அப்புறம் அந்தக் கோபம் போக இடமில்லாமல் அவளிடமே திரும்பி வந்தது. எல்லோரையும் கேள்வி கேட்கிற இடத்தில் உட்கார்ந்தவளை ஒருவரும் கேட்கமாட்டார்கள் என்பது பதினோரு வருடத்தில் அவளுக்கு ஒரு நாளும் உறைக்கவில்லை. இன்னும் சொன்னால் அது அவளுக்குப் பிடித்தும் இருந்தது.

சுப்பிரமணியன் சொன்னதையும் சொன்னாள். வெற்றிவேல் ஹெட்போன் வயரைச் சுற்றிக்கொண்டே, "போட்டுக்கச் சொல்லுங்கக்கா. எனக்கு ஒண்ணும் ஆவாது. பாத்துட்டு சும்மா இருந்தவன்தானே நானும்" என்றான்.

அவன் அப்படிச் சொல்லாமல் சண்டை போட்டிருந்தால் அவளுக்குச் சுலபமாக இருந்திருக்கும். திரும்பி வரும் வழியெல்லாம் யோசித்தாள். சுழலாத நாற்காலியை யோசித்தாள். அதிலிருந்து இறங்கி, செம்மல் வயதுப் பையன் ஒருவனிடம் தான் பார்த்த டெஸ்ட்டுகளைக் காட்டிக் கையெழுத்துக்கு நிற்பதை யோசித்தாள். அழுகை வந்தது. மத்தியானம் சுப்பிரமணியன் கடிதத்தைக் காட்டினார். நடந்தது எல்லாம் ஒளிவுமறைவில்லாமல் இருந்தது, கடைசிக்கு முந்தின வரியைத் தவிர. "எங்களிடம் முன்பு பணிபுரிந்த ஒருவர் செய்த மாற்றத்தால்" என்று இருந்தது. அமிர்தவல்லி அதை இரண்டு தரம் படித்தாள்.

"சரிங்க சார்" என்றாள்.

மறுநாள் காலை ஊர்களைப் பிரித்துக்கொண்டு கிளம்பினார்கள். அமிர்தவல்லியும் செம்மலும் போனது ஏரிக்கரையை ஒட்டின ஒரு கிராமத்துக்கு. அறக்கட்டளை ஒன்று அங்கே சர்க்கரை நோயாளிகளுக்கு இலவச மருந்தகம் நடத்திக்கொண்டிருந்தது. இரண்டே அறை. வாசலில் வேப்பமரத்தடியில் பெஞ்சு போட்டு ஏழெட்டுப் பேர் உட்கார்ந்திருந்தார்கள். உள்ளே தனக்கொடி என்ற நர்ஸ். ஐம்பது வயது இருக்கும், குரல் பெரிது. வாரத்தில் இரண்டு நாள் டாக்டர் வருவார், மற்ற நாளில் எல்லாமே தனக்கொடிதான்.

"வாங்க வாங்க" என்றார் தனக்கொடி. "நல்ல பொட்டிம்மா இது. பழசு இருந்துச்சே, எப்பப் பாரு போனுக்கு மெசேஜ் அனுப்பிக்கிட்டே கெடக்கும், சோறு திங்க விடாது. இதுல புரோகிராம் மாத்திக் குடுத்தாங்களே, அதுலேர்ந்து ஒரு சத்தம் இல்ல. நான் எல்லார்கிட்டயும் சொல்லிக்கிட்டிருக்கேன்."

பெட்டிக்குள் நாள் முழுக்க என்ன குளிர் இருந்தது என்று ஒரு சின்ன அட்டையில் பதிவாகியிருக்கும். செம்மல் அதை உருவி லேப்டாப்பில் போட்டான். காலையில் ஐந்து டிகிரி, மத்தியானம் ஐந்து. சாயங்காலம் மருந்தகம் பூட்டின பிறகு, கழனியில் மோட்டார் ஓடும் நேரத்தில், கரண்டு கண் சிமிட்டச் சிமிட்டக் கோடு கீழே இறங்கியிருந்தது. மைனஸ் மூன்று. மைனஸ் நான்கு. காலைக்குள் ஏறி மறுபடி ஐந்து. பொங்கலிலிருந்து இருபத்து மூன்று நாள் அப்படி.

அவள் தனக்கொடியை உட்காரச் சொல்லிவிட்டுச் சொன்னாள். உறைந்த மருந்து என்றதும் அந்த அம்மாளுக்கு வேறெதையும் சொல்லவேண்டியிருக்கவில்லை. கையை வாயில் வைத்துக்கொண்டார்.

"அடப்பாவமே. அப்ப அந்த ஆளு..."

"யாருங்க?"

"மண்ணாங்கட்டின்னு ஒருத்தரு. வெளிய உக்காந்திருக்காரு பாருங்க, நீலத் துண்டு. சக்கர நூத்தி அறுவதுல இருந்தவரு, பொங்கலுக்கப்பறம் முந்நூறுக்கு மேல போயிட்டாரு. சக்கரப் பொங்கல் தின்னியான்னு கேட்டேன். இல்லம்மான்னாரு. ஊரே தின்னும்போது நீ மட்டும் விட்டியா, எங்கிட்டயே பொய் சொல்றியான்னு எல்லார் எதிர்லயும் வெச்சிக் கேட்டேன். அவரு வூட்டம்மாவயும் கூப்பிட்டுச் சொல்லிட்டேன். டாக்டர் ரெண்டு தரம் டோஸ ஏத்திட்டாரு. கால் வெரல்ல புண்ணு வேற, ஆறவே மாட்டேங்குது."

பேசிக்கொண்டே எழுந்து பெட்டியில் இருந்த குப்பிகளையெல்லாம் ஒரு கூடையில் எடுத்துப் போட்டார். டாக்டருக்குப் போன் செய்து, நல்ல மருந்தை ஏற்றின அளவிலேயே போட்டால் சர்க்கரை ஒரேயடியாக இறங்கிவிடும், எவ்வளவு போடட்டும் என்று கேட்டு ஒவ்வொருவர் பெயருக்கும் எழுதிக்கொண்டார். அதெல்லாம் முடிந்த பிறகுதான் வாசலுக்குப் போய், "மண்ணாங்கட்டி, இப்பிடி வா" என்றார்.

அறுபது வயதுக்காரர். மூடின மில்லில் சாயப் பிரிவில் இருந்துவிட்டு இப்போது ஏதோ கிடங்கில் காவல் பார்ப்பவர். வலது கால் பெருவிரலில் துணி சுற்றியிருந்தது. திட்டு வாங்கப் போகிறோம் என்ற முகத்தோடு உள்ளே வந்து, கேட்பதற்கு முன்னாலேயே, "நான் ஒண்ணும் திங்கலம்மா" என்றார்.

"மருந்துதான் கெட்டுப் போயிருக்குது" என்றார் தனக்கொடி. அவருடைய பெரிய குரல் எங்கோ போய்விட்டது. "பொட்டில கோளாறு. உம்மேல தப்பு இல்ல."

மண்ணாங்கட்டி மூன்று பேரையும் மாறி மாறிப் பார்த்தார். "அப்ப நான் திங்கலன்னு இப்ப நம்புறீங்களா?"

தனக்கொடி தலையை ஆட்டினார்.

"எப்பிடிக் கெட்டுது?" என்று கேட்டார் மண்ணாங்கட்டி.

செம்மல் கடிதத்தைப் படித்திருந்தான். "முன்னாடி எங்ககிட்ட வேல பாத்த ஒருத்தரு தப்பாப் பண்ணிட்டாருங்க" என்றான்.

மண்ணாங்கட்டி சரி என்பதுபோலத் தலையை ஆட்டினார். ஒரு மாதமாகச் செய்யாத தப்புக்குத் திட்டு வாங்கியவர், அங்கே இல்லாத யாரோ ஒருவன்மேல் சொன்னதைச் சட்டென்று நம்பிவிட்டார். அமிர்தவல்லியால் அதைப் பார்த்துக்கொண்டு நிற்க முடியவில்லை. வெற்றிவேல் நாற்காலியைத் துடைத்துப் போட்டது ஞாபகம் வந்தது. உடம்பெல்லாம் கூசியது.

"இல்லங்கய்யா" என்றாள். "வேற யாரும் இல்ல. நான்தான் பண்ணேன். சோதிக்காதத சோதிச்ச மாதிரி தினம் அனுப்பிக்கிட்டிருந்துச்சு, நான் எழுதி வெச்சது. பாக்காம கையெழுத்துப் போட்டதும் நான்தான்."

செம்மல் அவளையே பார்த்தான். அவள் அங்கேயே நின்றபடி சுப்பிரமணியனுக்குப் போன் செய்தாள்.

"சார், லெட்டர் போயிடுச்சா?"

"காலைலயே போயிடுச்சும்மா."

"இன்னொன்னு போடுங்க சார். முன்னாள் ஊழியர் இல்ல, அமிர்தவல்லின்னு எழுதி."

"அப்ப கையெழுத்து உங்களுக்கு இருக்காது. தெரியுமில்ல?"

"தெரியும் சார்."

"வந்து பேசுவோம்" என்றார் அவர்.

போனை வைத்தபோது மண்ணாங்கட்டி இன்னும் அங்கேயே நின்றுகொண்டிருந்தார். அவளைத் திட்டவும் இல்லை, மன்னிக்கவும் இல்லை. துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டு, "இத எம்பொண்டாட்டிகிட்ட ஒரு தரம் வந்து சொல்லும்மா" என்றார். "நான் சொன்னா நம்ப மாட்டா. நர்ஸம்மா சொன்னதுலேர்ந்து சக்கர டப்பாவ பீரோல வெச்சிப் பூட்டிட்டா."

வீடு இரண்டு தெரு தள்ளி இருந்தது. அவர் புண் காலை இழுத்து இழுத்து நடந்தார். ஸ்கூட்டரில் ஏறச் சொன்னதற்கு வேண்டாம் என்றார். அதனால் அமிர்தவல்லியும் கூடவே நடந்தாள்.

செல்வாம்பாள் அரிசி களைந்துகொண்டிருந்தாள். வந்திருப்பது யார் என்று புருஷனைப் பார்த்தாள். அவர் அமிர்தவல்லியைக் காட்டினார். அமிர்தவல்லி மறுபடி முதலிலிருந்து சொன்னாள். நிரல், அறிக்கை, எண் எதுவும் அங்கே செல்லாது. "அவரு ஒண்ணுமே திங்கலங்க. ஊசி மருந்துல சத்து இல்லாமப் போச்சு. அதுக்கு நான்தான் காரணம்" என்றாள். அவ்வளவுதான் சொல்ல இருந்தது.

செல்வாம்பாள் ஈரக் கையோடு எழுந்தாள். இடுப்பில் செருகியிருந்த சாவியை எடுத்துப் பீரோவைத் திறந்து, சர்க்கரை டப்பாவைக் கொண்டுவந்து அடுப்பு மேடைமேல் வைத்தாள். அதைப் பார்த்தபடியே, "ஒரு மாசமா சோறுகூட அரக் கரண்டிதான் போட்டேன்" என்றாள். அது அவருக்குச் சொன்னதா, இவளுக்குச் சொன்னதா என்று தெரியவில்லை. மண்ணாங்கட்டி சுவரில் சாய்ந்து உட்கார்ந்து காலை நீட்டினார்.

செல்வாம்பாள் அவருடைய கால்மாட்டில் குனிந்து, துணியை அவிழ்த்து, விரலைப் பார்த்தாள். நகத்தைச் சுற்றிக் கறுத்திருந்தது. அப்புறம் அமிர்தவல்லியை நிமிர்ந்து பார்த்துக் கேட்டாள்.

"இது ஆறிடுமா?"

பதினோரு வருடமாக, சரியாக இருக்கிறதா என்று யார் கேட்டாலும் இருக்கிறது என்றோ இல்லை என்றோ சொல்லிப் பழகியவள் அமிர்தவல்லி.

"தெரியலங்க" என்றாள். "எனக்குத் தெரியலங்க."